மீதிச் சில்லறை கொடுப்பது எப்படி? கல்லாவில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு மருந்துக்கடையில் பில் 163 ரூபாய் வந்தது. ஒரு இருநூறு ரூபாய்த் தாளையும் பதிமூன்று ரூபாய்ச் சில்லறையையும் சேர்த்து நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் அந்தப் பதிமூன்றை என் பக்கமே தள்ளிவிட்டார். "இருநூறே போதும் சார்." கால்குலேட்டரைத் தட்டினார், 37 என்று வந்தது. பெட்டியைத் துழாவி ஒரு இருபது, ஒரு பத்து, ஒரு ஐந்து எடுத்தார். மீதி இரண்டு ரூபாய்க்கு இரண்டு இருமல் மிட்டாய். எனக்கு இருமல் இல்லை.

அந்தப் பதிமூன்றை வாங்கிப் போட்டிருந்தால், ஒரே ஒரு ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருக்கலாம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கம்ப்யூட்டரில் பில் போடச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், காசு எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். நான் இதைக் கற்றது பள்ளி விடுமுறைகளில், சித்தப்பாவின் மளிகைக்கடைக் கல்லாவில். அவர் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன். கணக்கில் நீங்கள் புலியாக இருக்க வேண்டியதில்லை. கழித்தலே தேவைப்படாது என்பதுதான் இதில் விசேஷம்.

படி 1: பெட்டியை அடுக்குங்கள்

தாள்களை மதிப்பு வாரியாக, காந்தி முகம் மேலே வரும்படி, எல்லாம் ஒரே திசையில் அடுக்குங்கள். இதைச் செய்யாதவர்தான் ராத்திரி கணக்கு உதைக்கிறது என்று தலையைச் சொறிவார்.

இருபதையும் இருநூறையும் பக்கத்துப் பக்கத்து அறையில் வைக்கவே வைக்காதீர்கள். 2017-இல் வந்த இருநூறு பளிச்சென்ற மஞ்சள்; 2019-இல் வந்த புது இருபது பச்சை கலந்த மஞ்சள். பகலில் வித்தியாசம் தெரியும். கரண்ட் போய் எமர்ஜென்சி விளக்கில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. சந்தேகம் வந்தால் நீளத்தைப் பாருங்கள்: இருநூறு 146 மில்லிமீட்டர், இருபது 129. விரல் பழகிவிட்டால் கண்ணே வேண்டாம்.

காலையில் கடை திறக்கும்போது பெட்டியில் சில்லறை இருக்க வேண்டும். முதல் போணிக்கு வருகிறவர் ஐந்நூறு ரூபாய்த் தாளோடுதான் வருவார், அது எழுதப்படாத சட்டம். சின்னக் கடைக்கு என் கணக்கு இது: ஒரு ரூபாய் 50, இரண்டு ரூபாய் 50, ஐந்து ரூபாய் 40, பத்து 40, இருபது 20, ஐம்பது 10, நூறு 10. மொத்தம் 2,650 ரூபாய். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள், ராத்திரி தேவைப்படும். சித்தப்பா எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் பூசாரியிடம் தட்டுக் காசை மாற்றிக்கொள்வார். வெள்ளிக்கிழமை மறுநாள் கடையில் சில்லறைக்குப் பஞ்சமே இருக்காது.

படி 2: வாங்கிய தாளைப் பெட்டிக்குள் போடாதீர்கள்

நான் கல்லாவில் உட்கார்ந்த முதல் வாரம். ஒருவர் ஐம்பது ரூபாய் கொடுத்தார், வாங்கிப் பெட்டிக்குள் போட்டேன். மீதியை எண்ணிக் கொடுத்ததும், "நான் கொடுத்தது நூறு தம்பி" என்றார். பெட்டியைப் பார்த்தால் நூறும் கிடக்கிறது, ஐம்பதும் கிடக்கிறது. எது அவருடையது? எனக்கு வாயே வரவில்லை. சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் இன்னொரு ஐம்பதை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். ராத்திரி கடை சாத்தும்போது சொன்னார்: "தாளைப் பெட்டிக்குள்ள போட்டுட்டா அதுக்கு ஊரு பேரு இல்லாமப் போயிடும்டா."

ஆகவே வாங்கிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டே சத்தமாகச் சொல்லுங்கள்: "ஐந்நூறு குடுத்திருக்கீங்க." பிறகு அதைப் பெட்டியின் மேல் குறுக்கே, இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வையுங்கள். மின்விசிறி சுற்றினால் எடைக்கல் ஒன்றை மேலே வையுங்கள். மீதியைக் கொடுத்து, அவர் வாங்கிக்கொண்ட பிறகுதான் அது உள்ளே போக வேண்டும்.

படி 3: கழிக்காதீர்கள், ஏறுங்கள்

பில் 137, கொடுத்தது 500. பள்ளிக்கூடத்து வழியில் கழித்தால் என்ன ஆகும்? பூஜ்யத்திலிருந்து ஏழு போகாது. பக்கத்து வீட்டில் கடன் கேட்கலாம் என்று போனால் அங்கேயும் பூஜ்யம். அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். வரிசையில் நாலு பேர் நிற்கும்போது இந்தக் கடன் வாங்குகிற கூத்து நடக்காது.

கல்லாக்காரர் வழி வேறு. 137-இல் நின்றுகொண்டு 500-ஐ நோக்கி ஏற வேண்டும், ஒவ்வொரு காசாக வாடிக்கையாளர் கையில் வைத்துக்கொண்டே.

"நூத்தி முப்பத்தேழு" என்று ஆரம்பியுங்கள்.
ஒரு ரூபாய் வையுங்கள்: "முப்பத்தெட்டு."
இரண்டு ரூபாய்: "நாப்பது."
பத்து: "அம்பது."
ஐம்பது: "இருநூறு."
மூன்று நூறுகள், ஒவ்வொன்றாக: "முந்நூறு, நானூறு, ஐந்நூறு."

முடிந்தது. கொடுத்த மீதி எவ்வளவு? 363. ஆனால் அந்த எண் உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை, அவருக்கும் தெரிய வேண்டியதில்லை. முதலில் அடுத்த பத்து, அங்கிருந்து அடுத்த ஐம்பது அல்லது நூறு, பிறகு கொடுத்த தாள். எந்தப் பில்லுக்கும் இதே படிக்கட்டுதான்.

கால்குலேட்டரில் 363 என்று பார்த்து, மொத்தமாக எடுத்துக் கையில் திணிக்கிறார்களே, அதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் நகர்ந்து நின்று மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறுகிற முறையில் நீங்கள் எண்ணும்போதே அவரும் கூடவே எண்ணிவிடுகிறார், தப்பு வந்தால் அந்த இடத்திலேயே இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு காய்கறிக்கடை ஆயாவுக்கு எழுதப் படிக்க வராது. அவர் கொடுக்கிற மீதியை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: கடைசி இலக்கத்தைப் பத்தாக்குங்கள், நடு இலக்கத்தை ஒன்பதாக்குங்கள். 137-இல் ஏழுக்கு மூன்று, மூன்றுக்கு ஆறு. முன்னால் நிற்கும் ஒன்றை நாலாக்க மூன்று (ஐந்நூறுக்கு ஒன்று குறைத்து). 363.

படி 4: "சில்லறையோட தர்றேன்" என்றால்

மருந்துக்கடையில் சறுக்கிய இடம் இது. யாராவது கூடுதலாகச் சில்லறை நீட்டினால் அவர் உங்களுக்கு உதவி செய்கிறார், திருப்பித் தள்ளாதீர்கள்.

சில்லறையை முதலில் பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள், அப்புறம் தாளைப் பாருங்கள். பில் 163, கையில் 13. அந்தப் பதிமூன்று போனால் பில் 150. இருநூறுக்கு ஐம்பது. பில் 72, கொடுத்தது 102? இரண்டு போனால் 70, நூறுக்கு முப்பது.

அவராகக் கொடுக்காவிட்டால் நீங்கள் கேட்கலாம். எதைக் கேட்பது? பில்லின் கடைசி இலக்கத்தை. பில் 58, நீட்டியது நூறு என்றால் "எட்டு ரூபா இருக்காக்கா?" இருந்தால் ஐம்பதைக் கொடுத்து முடித்துவிடலாம். எட்டு இல்லையா, அதில் ஐந்தைக் குறைத்து "மூணு ரூபா?" என்று கேளுங்கள். 103-இல் 58 போக 45: இரண்டு இருபது, ஒரு ஐந்து. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் மிச்சம். சாயங்காலக் கூட்டத்தில் அந்தக் காசுகள் பொன்னுக்குச் சமம்.

பழைய 137 ரூபாய்ப் பில்லையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் 500 என்று தட்டிய பிறகு, "இருங்க, 37 ரூபா சில்லறை இருக்கு" என்று பையைத் துழாவுகிறாரா? பதறி பில்லை அழிக்காதீர்கள். திரையில் மீதி 363 என்று நிற்கிறது. அதோடு அவர் தரும் 37-ஐக் கூட்டுங்கள். நானூறாகக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே "இந்த நூறுக்கு ரெண்டு ஐம்பது கொடு, அதை வச்சுக்கோ, இதைக் கொடு" என்று குழப்புகிறவர்கள் உண்டு. எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லைதான். ஆனாலும் "முதல்ல இது முடியட்டும் அண்ணே" என்று சொல்லப் பழகுங்கள். ஒரு கணக்கு முடியாமல் இன்னொன்றைத் தொடக்கூடாது.

படி 5: சில்லறை இல்லாதபோது

மிட்டாய் கொடுக்காதீர்கள். அடுத்த தடவை அவர் அதே மிட்டாயைக் காசாக நீட்டினால் வாங்கிக்கொள்வீர்களா? பழைய பஸ் கண்டக்டர்களைப் பாருங்கள்: டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார்கள், இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நீங்களும் பில்லுக்குப் பின்னால் எழுதிக் கொடுங்கள்.

பத்து ரூபாய் நாணயத்தை "செல்லாது" என்று தள்ளுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புழக்கத்தில் இருந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது. வாங்கிப் போடுங்கள். செல்லாமல் போனது 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான், 2011 ஜூன் 30-லிருந்து. ஐம்பது பைசா சட்டப்படி இன்றும் செல்லும். கடைத்தெருவில் கொடுத்துப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்த ஐம்பது பைசாவை எங்கள் ஆச்சி கடைசி வரை எட்டணா என்றுதான் சொன்னார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நூறு பைசாக் கணக்கு வரும்வரை கடைக்காரர்கள் இதை மனசிலேயே போட்டார்கள். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சில்லறை கொடுக்கத் தெரியவில்லை என்று நான் புலம்ப ஆரம்பித்தால் ஆச்சிதான் நினைவுக்கு வருவார். பதினாறால் வகுக்கத் தெரியாத என்னைப் பார்த்து அவர் சிரித்திருக்கிறார். 2016 நவம்பரில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபின் கடைக்குக் கடை ஸ்கேன் அட்டை வந்தது, பணம் வந்து சேர்ந்ததைப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியே பேசிச் சொல்கிறது. கையில் காசே வராதவருக்கு எண்ணுகிற பழக்கம் எங்கிருந்து வரும்?

படி 6: ராத்திரி கணக்கு

காலையில் வைத்த 2,650, அதோடு ரொக்க விற்பனை. பால்காரர், டீ என்று எடுத்துக் கொடுத்ததைக் கழித்தால் பெட்டியில் இருக்க வேண்டிய தொகை. யூபிஐயில் வந்ததை இதில் சேர்க்காதீர்கள். பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

உதைத்தால், எவ்வளவு உதைக்கிறது என்று பாருங்கள். வித்தியாசம் 27 என்றால், 63-ஐ 36 என்று மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டு இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். சரியாக 180 குறைந்தால் எதையும் தேட வேண்டாம். இருபது என்று நினைத்து யாருக்கோ இருநூறு கொடுத்திருக்கிறீர்கள். படி 1-க்குத் திரும்பிப் போங்கள்.

வீட்டில் பழக

காகிதமில்லாமல் போட்டுப் பாருங்கள். பில் 284, கொடுத்தது 500. பில் 439, இரண்டு ஐந்நூறு. பில் 91, கொடுத்தது 501. பில் 176, கொடுத்தது 206. கடைசியாகச் சித்தப்பா என்னிடம் கேட்டது: பில் 118, அவர் கையில் இருநூறு, உங்கள் பெட்டியில் ஒரு ரூபாய்க் காசும் இல்லை, இரண்டு ரூபாய்க் காசும் இல்லை. என்ன கேட்பீர்கள்?

விடைகள்: 216, 561, 410, 30. கடைசிக்கு, எட்டு ரூபாய் கேளுங்கள், தொண்ணூறு கொடுங்கள். எட்டு இல்லை என்றால் மூன்று கேளுங்கள், எண்பத்தைந்து கொடுங்கள். நான் அன்று "கடன் சொல்லிடுவேன்" என்றேன். மறுநாள் முழுக்க என்னைக் கல்லாவிலிருந்து எழுப்பிப் புளி பொட்டலம் கட்ட உட்காரவைத்துவிட்டார்.