நோய்க்கால நிவாரண நிதி: சிறு உணவகங்கள் தயாராகும் முறை

தொற்றுநோய்க் காலத்தில் உணவகங்களுக்கென்று அரசு ஒதுக்கும் பணம் எல்லோருக்கும் போதாது. 2021 மே 3 அன்று அமெரிக்கா திறந்த உணவக மீட்பு நிதியில் 2,860 கோடி டாலர் இருந்தது. மூன்று வாரத்துக்குள் 2,78,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்ட தொகை 7,200 கோடி டாலரைத் தாண்டியது. பணம் கிடைத்ததோ சுமார் 1,01,000 உணவகங்களுக்குத்தான். மற்றவர்களில் பலர் தகுதி இருந்தும் வெறுங்கையோடு நின்றார்கள். அதனால் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள்.

முதலில், வருவது எந்த வகை உதவி என்று பாருங்கள். மானியம் என்றால் திருப்பித் தர வேண்டாம். நிபந்தனைக் கடன் என்றால், சொன்னபடி செலவழித்தால்தான் தள்ளுபடி. வரி ஒத்திவைப்பு என்பது உதவியே அல்ல, தள்ளிப்போட்ட கடன். அதை வருமானமாக நினைத்து ஆள் சேர்த்துவிடாதீர்கள். இன்னொரு வகையும் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரிட்டன், திங்கள் முதல் புதன் வரை, உள்ளே உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு பாதி விலை, ஆளுக்கு அதிகபட்சம் 10 பவுண்ட் என்று தள்ளுபடித் திட்டம் நடத்தியது. கடைக்காரர் முதலில் தள்ளுபடியைக் கொடுத்துவிட்டு, பிறகு அரசிடம் பெற வேண்டும். கையில் பணப்புழக்கம் இல்லாத கடைக்கு இந்த இடைவெளியே சுமைதான்.

அடுத்தது காகிதங்கள். மூன்று ஆண்டு வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, சம்பளப் பதிவேடு, வாடகை ஒப்பந்தம், உரிமம். எல்லாவற்றிலும் கடையின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பலகையில் ஒரு பெயர், வங்கியில் உரிமையாளர் பெயர், உரிமத்தில் பழைய பங்குதாரர் பெயர் என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

பெரும்பாலானோர் தடுமாறுவது விற்பனைத் தொகையில். ஒரே மாதத்துக்கு மூன்று எண்கள் வரும். பில்லிங் மெஷினில் வரியும் டிப்ஸும் சேர்ந்திருக்கும். டெலிவரி ஆப் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் வங்கியில் போட்டிருக்கும். வரிக் கணக்கில் இவை இரண்டுக்கும் இடையில் வேறொரு தொகை இருக்கும். பொய் எதுவும் இல்லை, ஆனால் சரிபார்க்கும் அதிகாரிக்கு மூன்று வெவ்வேறு கடைகள் போலத் தெரியும். மாதவாரியாக ஒரு தாள் போடுங்கள்: பில்லிங் தொகை, கழித்தது வரி, கழித்தது டிப்ஸ், கமிஷன், வங்கிக்கு வந்தது. கடைசித் தொகை வங்கி அறிக்கையோடு ஒத்துப்போகும்வரை விடாதீர்கள். விண்ணப்பத்தில் எந்த எண்ணைக் கேட்கிறார்களோ அதை மட்டும் போட்டு, இந்தத் தாளை இணைப்பாக வையுங்கள்.

இழப்பைக் கணக்கிடும்போது, ஏற்கெனவே வாங்கிய உதவியை மறக்காதீர்கள். அமெரிக்கத் திட்டத்தில் 2019 விற்பனையிலிருந்து 2020 விற்பனையையும், முன்பு வாங்கிய சம்பளக் கடனையும் (ஊழியர் சம்பளத்துக்காக அரசு ஆதரவோடு கிடைத்த நிபந்தனைக் கடன்) கழித்தார்கள். முந்தைய ஆண்டு 60 லட்சம், நெருக்கடி ஆண்டு 25 லட்சம், வாங்கிய கடன் 10 லட்சம் என்றால் கேட்கக்கூடியது 25 லட்சம்தான், 35 அல்ல. நெருக்கடிக்குச் சற்று முன்பு திறந்த கடைகளுக்குத் தனிச் சூத்திரம் இருக்கும். ஒப்பிட முந்தைய ஆண்டே இல்லை என்று நீங்களாக விலகிவிடாதீர்கள்.

பணம் வந்ததும் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். சம்பளம், வாடகை, மளிகை என ஒவ்வொரு செலவுக்கும் ரசீதின் பின்னால் தேதியும் காரணமும் எழுதி வையுங்கள். உரிமையாளரின் சொந்தச் செலவு ஒன்று கலந்தாலும் முழுத் தொகையும் தணிக்கையில் கேள்விக்குள்ளாகலாம். விதிகள் நடுவில் மாறுவதும் சகஜம். அமெரிக்கச் சம்பளக் கடனில், முழுத் தள்ளுபடி பெற 75 விழுக்காடு சம்பளத்துக்குப் போக வேண்டும் என்றிருந்தது 2020 ஜூனில் 60 ஆனது. செலவழிக்கும் காலமும் 8 வாரத்திலிருந்து 24 வாரமானது. வாரம் ஒருமுறை அரசு அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர்ப் பிழையோ கணக்கு எண் பிழையோ என்றால், திருத்தத்துக்கு வழியிருக்கிறதா என்று அன்றே விசாரியுங்கள். நிதி தீரும்வரைதான் அந்த வழி திறந்திருக்கும்.