பொங்கல் விருந்துக்குத் தத்தெடுத்த குடும்பங்களை அழைக்கும்போது

கடலூரில் எங்கள் அரிமா சங்கத்தின் பொங்கல் விருந்து என் பொறுப்பு. தத்தெடுத்த குடும்பங்களையும், வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல் தற்காலிகமாக, பிள்ளைகளை வைத்திருப்பவர்களையும் அழைக்க நினைக்கும் மற்ற சங்கத்தாருக்காக எழுதுகிறேன்.

முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசுங்கள். அழைப்பு அவர்கள் வழியாகவே போகட்டும். வருவதும் வராததும் அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம்.

பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிடவே கூடாது. மைக்கில் "தத்துப்பிள்ளை" என்று அறிவிப்பதும், பரிசுப் பையோடு படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் அந்தப் பிஞ்சு மனதை நோகடிக்கும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால், 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் வரை அபராதமோ உண்டு.

சாம்பாரில் காரம் குறையுங்கள். புது வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளை கூட்டத்தில் மிரளும். அம்மாவுக்குப் பக்கத்து இலையிலேயே உட்காரட்டும். சர்க்கரைப் பொங்கலைத் தொடாமல் அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டிருந்தாலும் சரி, வேறு யாரும் ஊட்டப் போக வேண்டாம்.

அப்புறம், தத்தெடுக்க விரும்பும் உறுப்பினர்களுக்குத் தனியாக விளக்குங்கள்: தத்தெடுப்புக்கான மத்திய அரசின் 'கேரிங்ஸ்' இணையதளத்தில் பதிவு, வீட்டு ஆய்வு, கடைசியில் மாவட்ட ஆட்சியரின் உத்தரவு. 2 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. இடைத்தரகர் யாராவது குழந்தை தருவதாகச் சொன்னால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.