புறநகர் விரியும்போது ஊர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. அதற்குள் வந்த செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஊர்களில் வயலையும் ஏரியையும் காப்பாற்றத் துடிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் பொக்லைன் வந்து நின்ற பிறகுதான் பலரும் ஓடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். நிலம் முதலில் காகிதத்தில்தான் கைமாறுகிறது. விவசாய மண்டலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றும்போது, ஆட்சேபணை கேட்டு நாளிதழில் ஓர் அறிவிப்பு வரும். கிராமத்தின் பெயர், சர்வே எண் என்று சின்னதாக இருக்கும். அதைக் கவனிக்க ஊரில் இரண்டு பேராவது பொறுப்பேற்க வேண்டும். கிராம சபையில் "ஏரியைக் காப்போம்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டாலும் பயன் குறைவு. சர்வே எண்ணையும், வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் உள்ள வகைப்பாட்டையும் தீர்மானத்திலேயே எழுத வைத்து, நகலை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது, ஏரியை மட்டும் பார்த்து வாய்க்காலை விட்டுவிடுவது. தென்சென்னையில் உள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடானது; 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது. ஆனால் அதற்கு நீர் வருவது மேற்கே உள்ள ஏரிகளின் உபரியிலிருந்து. வெளியேறுவது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு. இந்த வழிகள் குறுகினால், வேலிக்குள் இருக்கும் சதுப்புநிலமும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் சேர்ந்துதான் பாதிக்கப்படும். மனை பிரிக்கும்போது முதலில் காணாமல் போவது ஓடைப் புறம்போக்குதான். ஏரியை யாரும் ஒரே நாளில் மூட முடியாது, வாய்க்காலை முடியும். அதனால் சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோடை காலத்திலேயே வாய்க்கால் நெடுக ஒருமுறை நடந்து பாருங்கள்.

'தரிசு' என்று பதிவேட்டில் இருப்பதை நாமும் வெற்றிடமாக நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. முள்காட்டிலும் மேய்க்காலிலும்தான் நரியும் முயலும் கௌதாரியும் வாழ்கின்றன. ஆட்காட்டிப் பறவை வெறுந்தரையில்தான் முட்டையிடும். அங்கே நல்லெண்ணத்தோடு நெருக்கமாக மரக்கன்று நட்டாலும் அவற்றின் இடம் போய்விடும். சரி, என்னதான் செய்வது? எந்தப் பருவத்தில் என்ன பறவை, என்ன விலங்கு என்று தேதியோடும் படத்தோடும் குறித்து வையுங்கள். ஆட்சேபணை மனுவில் இணைக்க அது உதவும்.

அப்புறம், நிலத்தை விற்ற விவசாயியைத் திட்டுவது. மகள் கல்யாணமோ கடனோ இருக்கும்போது, தண்ணீர் ஏறாத நஞ்சையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? மதகு பழுதாகி, ஒரு போகமும் எடுக்க முடியாத நிலம்தான் சீக்கிரம் விலைக்கு வருகிறது. மண்டல மாற்றத்துக்கு ஆட்சேபணை எழுதும் அதே கையோடு, மதகைச் சரிசெய்யவும் வரத்துக்காலைத் தூர் வாரவும் ஒரு மனு கொடுங்கள்.