லாமுவில் 'வாளி' என்று காதில் விழுந்தால்

கென்யாவின் வடக்குக் கடலோரத்தில் இருக்கிறது லாமு தீவு. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியைப் புத்தகத்தில் படித்துவிட்டு அங்கே போகிறவரை வாசலில் நிற்கும் பாட்டி 'ன்டோ' என்று கூப்பிட்டால், அவர் வாளியைத் தேடுவார். புத்தகத்தில் 'ன்டோ' என்றால் வாளி. 'வா' என்பதற்கு 'ன்ஜோ'. லாமுவின் வட்டாரச் சுவாஹிலியான கியாமு பேச்சிலோ 'ன்டோ'தான் 'வா'.

இதைக் கொச்சை என்று நினைப்பது முதல் தவறு. வழி அங்கே 'ன்ஜியா' அல்ல, 'ன்டியா'. பசி 'ன்ஜா' அல்ல, 'ன்டா'. நேற்று என்பது 'ஜானா'வுக்குப் பதில் 'யானா', ஒன்று என்பது 'மோஜா'வுக்குப் பதில் 'மோயா'. இவ்வளவு ஒழுங்காக வரும் மாற்றம் உளறல் ஆகாது.

கண்ணால் மட்டும் படிப்பது அதைவிடப் பெரிய தவறு. கியாமுவில் சிரிப்பதற்கும் நீர் இறைப்பதற்கும் உள்ள சொற்களுக்கு ரோமன் எழுத்தில் ஒரே 'டி' (t) போட்டு, 'குதேக்கா' என்றும் 'குடேக்கா' என்றும் பிரித்துக் காட்டாமல் எழுதிவிடுகிறார்கள். லாமுக்காரர் நாக்கில் அவை வேறு வேறு: சிரிப்புக்கு நம் தகரம் போலப் பல்லைத் தொடும் ஒலி, இறைப்புக்கு டகரத்துக்கு நெருங்கிய ஒலி. தமிழ்க் காது கொஞ்சம் கவனித்தாலே இதைப் பிடித்துவிடும். எழுத்தை நம்பிப் பழகிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

தயவுசெய்து அவர்களைத் திருத்தாதீர்கள். பள்ளிகளில் கற்பிக்கும் பொதுச் சுவாஹிலிக்கு, 1928இல் மொம்பாசாவில் கூடிய மாநாடு சான்சிபாரின் உங்குஜா பேச்சை அடிப்படையாகத் தேர்ந்தெடுத்தது. கியாமு அதற்கு உடன்பிறப்பு, கெட்டுப்போன பிள்ளை அல்ல. அந்த மாநாட்டுக்கு எழுபது ஆண்டுகள் முன்பே, 1858இல், ம்வானா குபோனா என்ற தாய் தன் மகளுக்கு அறிவுரையாக ஒரு நெடும்பாட்டு எழுதினார். அது இந்த வடக்குச் சுவாஹிலியில் எழுந்தது, இன்றும் படிக்கப்படுகிறது.

அரபுச் சொற்கள் நிறைய கேட்பதால் இதை அரபுக் கலவை என்று சொல்லிவிடுவதும் உண்டு. இலக்கணத்தைப் பாருங்கள், அது பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்துடையது. லாமுவை உள்ளூரார் அமு என்பார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் ம்வாமு, பலர் வாஅமு, பேசுவது கியாமு. சொல்லின் முன்னால் ஒட்டும் அசையே ஆளையும் எண்ணிக்கையையும் மொழியையும் சொல்லிவிடுகிறது.