மேன்யுமிட்: ஓர் அரிய ஆங்கில வினைச்சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி?

ஈரோடு, கோபி பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு 'ரிலீஸ்', 'ரிலின்க்விஷ்' எல்லாம் பழகியிருக்கும். அதே வகையில் அதிகம் புழங்காத ஒன்று 'மேன்யுமிட்' (manumit). அடிமையை அவருடைய உடைமையாளரே விடுவிப்பது என்று பொருள்.

முதல் படி, சொல்லை இரண்டாக உடையுங்கள். லத்தீனில் 'மானுஸ்' கை, 'மித்தரே' அனுப்புவது, போகவிடுவது. மேனுவல், மேனுஸ்கிரிப்ட் எல்லாம் அந்தக் கையிலிருந்து வந்தவை. பெர்மிட், மிஷன், மிசைல் மூன்றும் மித்தரே வழி. இப்படிச் சேர்த்துப் படித்தால் ஒரே மூச்சில் ஐந்தாறு சொற்கள் மனதில் நிற்கும்.

இரண்டாவது படியில் அவசரம் வேண்டாம். கையையும் விடுவதையும் அப்படியே ஒட்டினால் நம்முடைய 'கைவிடு' வந்துவிடும், ஆனால் அது ஆதரவில்லாமல் விட்டுப் போவது. ரோமானியர் 'மானுஸ்' என்றபோது அதிகாரத்தையும் சேர்த்தே சொன்னார்கள், 'அவன் கைக்குள்ள இருக்கான்' என்கிறோமே, அந்தக் கை.

அப்புறம், அந்தக் கை எப்படி விட்டது என்று பாருங்கள், எனக்கு இதில் பிடித்த பகுதியே இதுதான். நீதி அதிகாரி முன்னால் அடிமையை ஒரு கோலால் தொட்டு, இவர் சுதந்திரர் என்று அறிவிப்பார்கள். உயில் மூலமாகவும் விடுவிக்கலாம். விடுதலையானவர் 'பிலியுஸ்' என்ற கம்பளித் தொப்பி அணிவார். கி.மு. 53-ல் ரோமானியப் பேச்சாளர் மார்கஸ் டல்லியஸ் சிசரோ விடுவித்த அடிமை டைரோ அதன்பின் மார்கஸ் டல்லியஸ் டைரோ ஆனார், முன்னால் உள்ள இரண்டும் எஜமானின் பெயர்கள். விட்ட பிறகும் அந்தக் கையின் தடம் போகவில்லை.

சரி, வாக்கியத்தில் எப்படிப் போடுவது? எழுவாயாக எஜமான்தான் வர வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-ல் எழுதிய உயிலில் தன் அடிமைகளை விடுவிக்கச் சொன்னாரே, அங்கே பொருந்தும். ஆனால் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் 'பாக்கி' என்கிற முன்பணம் வாங்கிவிட்டு, அதை அடைக்கும்வரை வேறு தறிக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட தொழிலாளிக்குப் போடாதீர்கள். 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் முதலாளியிடம் சம்மதம் கேட்பதில்லை, அந்தக் கடனையே செல்லாததாக்கிவிடுகிறது. அரசு கொடுப்பது விடுதலைச் சான்றிதழ், அதற்கு 'ரிலீஸ்' போதும். அங்கே போய் மேன்யுமிட் என்று எழுதினால், முதலாளிக்கு இல்லாத உரிமையை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எழுத்துப்பிழை வராமலிருக்க ஒன்று: இறந்தகாலத்தில் கடைசி 'டீ' (t) எழுத்து இரட்டிக்கும் (manumitted), பெயர்ச்சொல் 'மேன்யுமிஷன்' (manumission).