தூரப் பைக் பயணமா? பர்ஸை வெளியே எடுங்கள்

வேலூரிலிருந்து பெங்களூருக்கு பைக்கில் கிளம்புகிறவர்கள், பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை முதலில் எடுத்துப் பையில் போடுங்கள். ஒரு பக்கம் மேடாக உட்கார்ந்தால் இடுப்பு கோணும். வாணியம்பாடி தாண்டுவதற்குள் தொடை மரத்துவிடும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டால் கைக்குப் பாரம் குறையும். மணிக்கொரு தரம் இறங்கி நாலு எட்டு நடங்கள்.

அப்புறம் வெயில். பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தில் சுற்றி, நுனிகள் பறக்காதபடி சட்டைக்குள் செருகிவிடுங்கள். நம்மூர் வறண்ட காற்றில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும், அதனால்தான் அந்தக் குளிர்ச்சி. சென்னைப் புழுக்கத்தில் இது அவ்வளவாக எடுபடாது. காய்ந்ததும் மறுபடி நனைக்கத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும்.

ஆம்பூர் பிரியாணியா? திரும்பி வரும்போது பார்சல் வாங்கிக்கொள்ளலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டினால் கண் சொக்கும்.