விட்ஸ் காருக்கு வீல் ஸ்பேசர் பூட்டும் முறை

வீல் ஸ்பேசர் என்பது சில்லுக்கும் ஹப்புக்கும் (சில்லு பூட்டப்படும் சுழலும் பகுதி) இடையில் வைத்து, சில்லை வெளியே தள்ளும் தட்டு. வாங்கும்போதே அதன் அளவைப் பாருங்கள். ரொயோற்றா விட்ஸுக்கு 4×100 (100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு போல்ட்), நடுத்துளை 54.1 மி.மீ. நடுத்துளை பெரிதென்றால் சில்லு மையத்தில் உட்காராது. வேகம் பிடிக்க ஸ்ரியரிங் நடுங்கும்.

யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் ஹப் முகம் துருப்பிடித்திருக்கும். கம்பித் தூரிகையால் இரும்பு மினுங்கும்வரை உரஞ்சுங்கள். துருவின்மேல் இறுக்கினால் பிறகு நட் தளரும். 5 மி.மீ. ஸ்பேசரை வைத்ததும், நட் கையால் எத்தனை சுற்றுப் போகிறதென எண்ணுங்கள். எட்டுக்குக் குறைந்தால் நீளமான போல்ட் கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, உயிர் போகிற விசயம். எதிரெதிர் நட்டாக 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, 100 கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

முன்சில்லு வெளியே தள்ளினால் ஸ்ரியரிங் பாரமாகும், குழியில் விழும்போது கையை இழுக்கும், பெயாரிங்கும் கெதியாகத் தேயும். பின் இருக்கையில் ஆட்களை ஏற்றி, ஸ்ரியரிங்கை முழுக்க வெட்டி, ரயர் மட்காட்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.